வெறுங்கால் மேடு

ராபிட்கெட்டில் ஏரி
14 ஜூன் 1993

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ராபிட்கெட்டில் ஏரிக்கரைக் காவல் குடிலில் தற்காலிகமாக வசித்துவரும் திருவாளர் தியோஃபில் அவர்களின் இடதுகால் காலுறை, கடந்த வெள்ளிக்கிழமை காலை, அடுப்பின் மேல் உலர்ந்துகொண்டிருந்த நிலையில் அகால மரணமடைந்தது. இறுதி ஊர்வலம் அடுப்புக்குள்ளேயே நடந்து முடிந்தது. துணையை இழந்த வலதுகால் காலுறை யாரையும் சந்திக்கும் நிலையில் இல்லை. மலர்வளையம் வேண்டாம். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும்.

செலின் அக்கா, சிரித்தாயா? ஒரு பல்லாவது தெரிந்திருந்தால் என் பாவம் பாதி கழிந்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

உன் குரலை நான் தினமும் கேட்கிறேன். காலை எட்டு மணிக்கு விமானத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகாமாக வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிறாய். "ராபிட்கெட்டில், ராபிட்கெட்டில், சிம்ப்சன் பேசுறேன், எல்லாம் நல்லபடியா?" மாமா "நல்லபடி" என்கிறார். நான் பின்னாலிருந்து "நானும் நல்லபடி!" என்று கத்துகிறேன். நீ உடனே அடுத்த முகாமுக்குத் தாவிவிடுகிறாய். ஒரே ஒரு அறிவிப்புக்கு இவ்வளவு கோபமா? அம்மா என்னை இந்த ஊர் இல்லாத ஊருக்கு நாடுகடத்தியது போதாதா?

இந்த இடத்தின் பெயரில் ஒரு முயலும் ஒரு கெட்டிலும் இருக்கின்றன. வந்து பார்த்தால் முயல் ஓடிவிட்டது, கெட்டில் ஓட்டை. என் வேலை: தண்ணீர் சுமப்பது, விறகு பிளப்பது, ஆற்றில் படகு விட விமானத்தில் வந்து இறங்கும் பயணிகளின் பெயரை நோட்டில் எழுதுவது. பிறகு மாமா அவர்களைச் சுண்ணமேட்டுக்கு அழைத்துப்போவார். மேட்டடியில் எல்லாரும் பூட்ஸைக் கழற்ற வேண்டும். மாமா தன் தகர டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை புகையிலையை, மேட்டில் குடியிருப்பவருக்குக் காணிக்கையாக, தண்ணீரில் போட்டு, "நான் எடுவார். இவங்க தூரத்துலேந்து வந்திருக்காங்க. பாத்துட்டுப் போயிடுவாங்க" என்று நம் மொழியில் சொல்வார். அப்புறம்தான் வெறுங்காலில் ஏறலாம்.

ஏறினால், அக்கா, வாயை மூட மறந்துவிடும். மழை மலைக்குள் இறங்கி, ஆழத்தில் சூடேறி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, காற்றைக் கண்டதும் "அப்பாடா" என்று சுமையை இறக்கி வைக்கிறது. இறக்கி வைத்ததெல்லாம் கல். பத்தாயிரம் வருஷமாக இதே வேலை. கிண்ணத்துக்குக் கீழே கிண்ணம், அதற்குக் கீழே கிண்ணம், ஒவ்வொன்றின் விளிம்பும் நகம் கனம்தான். உச்சியில் குளம். அதன் தண்ணீர் வழிகிற பக்கம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் உயிரோடு இருக்கும். வழியாத பக்கம் பழைய எலும்பு மாதிரி.

மாமா பேசுவதில்லை. மதலேன் அத்தை ஜனவரியில் போனதிலிருந்து அவர் ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை இரண்டு கையில் எண்ணிவிடலாம், கட்டைவிரல் மிச்சமிருக்கும். மேட்டில் மட்டும் கொஞ்சம் அதிகம் பேசுகிறார், அதுவும் தண்ணீரிடம்.

நீ கோபத்தோடு என் பையில் திணித்த தேயிலைப் பை பெட்டிக்கு நன்றி. அதில் பாதி ஒரு நல்ல காரியத்துக்குச் செலவாகிவிட்டது. என்ன காரியம் என்று கேட்காதே. கொசுவை விரட்ட ஆண்கள் மட்டுமே அறிந்த ஒரு வழியையும் கண்டுபிடித்துவிட்டேன். ஊருக்கு வரும்போது என்னை அடையாளம் தெரியாது.

உன் ஒற்றைக் காலுறைத் தம்பி,
தியோ


ஃபோர்ட் சிம்ப்சன்
24 ஜூன் 1993

தியோ,

காலுறை அனுப்பியிருக்கிறேன். அம்மா பின்னியது. நான் சிரிக்கவில்லை.

"ஒரே ஒரு அறிவிப்பு" என்று எழுதியிருக்கிறாய். நான் சாப்பிடப் போன இருபது நிமிடத்தில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் வயர்லெஸ்ஸில், எனக்கும் விமானி டக்குக்கும் நிச்சயம் ஆகிவிட்டது என்று ஆற்றின் மேலேயும் கீழேயும் இருக்கிற எல்லா முகாமுக்கும் சொன்னாய். நான் திரும்பி வந்தபோது நஹானி பியூட் கிராமத்திலிருந்து ஒரு கிழவர் எனக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

டக் திங்கட்கிழமை வந்தார். எல்லார் முன்னாலும் சிரித்தார். "நல்லா ஏமாத்தினான் உன் தம்பி" என்றார். மறுபடியும் சிரித்தார். அவ்வளவு நேரம் சிரிக்க அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் விமானத்தின் எடையை நான் தினமும் எழுத வேண்டும், தியோ. தினமும் அவர் முகத்தைப் பார்த்து எழுத வேண்டும். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதமாட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அதே வயர்லெஸ்ஸில், உன் வாயால், அது பொய் என்று சொல். காலை எட்டு மணிக்கு, எல்லாரும் கேட்கும்போது. அதுவரை உன் "நானும் நல்லபடி" எனக்குக் கேட்காது.

மாமாவைப் பார்த்துக்கொள். அடக்கத்தன்று அவர் என்னிடம் சொன்னதை உன்னிடம் சொல்லவில்லை. "வீட்டுக்குள்ள போனா அவ இல்ல. மேட்டுக்குப் போனா மட்டும் நான் யாருன்னு எனக்குத் தெரியுது" என்றார். ஒன்பது கோடையாக அந்த மேட்டுக்கு அவர்தான் வழிகாட்டி. அது ஒன்றுதான் அவருக்கு மிச்சம். உன் விளையாட்டை விறகோடு வைத்துக்கொள்.

செலின்


ராபிட்கெட்டில் ஏரி
6 ஜூலை 1993

மாட்சிமை பொருந்திய அக்கா அவர்களுக்கு,

காலுறை வந்தது. வலதுகால் காலுறைக்கு மறுமணம் நடத்திவைத்தேன். டக் டக்கென்று வந்தார், மூட்டையை டக்கென்று இறக்கினார், டக்கென்று போய்விட்டார். நிச்சயதார்த்தம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வயர்லெஸ்ஸில் சொல்லத்தான் இருந்தேன். மின்கலம் கொஞ்சம் பலவீனம். என்னுடையதும்.

இப்போது வீரச் செய்தி. போன வாரம் நான்கு ஜெர்மானியர்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் அளக்கிற ஆட்கள். சோறு வேகும் நேரத்தைக்கூடக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். இந்தப் பக்கத்தில் காட்டுமனிதன் உண்டா என்று என்னைக் கேட்டார்கள். கேட்டால் சும்மா இருக்க முடியுமா? ஸ்ப்ரூஸ் பலகையில் என் முழங்கை நீளத்துக்கு இரண்டு கால் செதுக்கினேன். ஐந்து விரல், ஒன்றில் நகம் உடைந்தது போல. சனிக்கிழமை மாமா அவர்களை மேட்டுக்கு அழைத்துப்போயிருந்தபோது, அவற்றைப் பூட்ஸில் கட்டிக்கொண்டு ஆற்றோர மணலில் அவர்கள் கூடாரத்தைச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்து பார்த்தார்கள், அக்கா. ஒருவர் கையிலிருந்த தட்டு விழுந்தது. கத்தல், ஓட்டம், மூட்டை கட்டல்! படகைத் தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஆற்றின் சரித்திரத்தில் இப்படி ஒரு பயம் விதைக்கப்பட்டதில்லை.

அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மரக்கால்களை எடுக்கப் போனேன். வில்லோப் புதருக்குள் ஒரு கரடி. பழுப்பு, முதுகில் திமில். வேறு யாராவது என்றால் ஆற்றில் குதித்திருப்பார்கள். நான் அதன் கண்ணைப் பார்த்தேன். அது என் கண்ணைப் பார்த்தது. மேட்டுப் பாதை வழியாக அதை இழுத்துக்கொண்டே போய், சாமர்த்தியமாகத் திசை திருப்பிவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை, அவர் கவலைப்படுவார். நீயும் சொல்லாதே.

வேறு விசேஷம் இல்லை. மேட்டின் கிழக்குப் பக்கம் தண்ணீர் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது. மாமா இரண்டு நாளாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். "நீ சாப்பிடு" என்றார். அப்புறம் கையை எடுத்து வெறும் கல்லின் மேல் வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

எல்லாம் சரியாகிவிடும். தண்ணீர்தானே.

கரடி விரட்டி,
தியோ


ஃபோர்ட் சிம்ப்சன்
17 ஜூலை 1993

தியோ,

மாமா வியாழக்கிழமை விமானத்தில் இங்கே வந்துவிட்டார். கோடை நடுவில் அவர் கீழே வந்து நான் பார்த்ததில்லை. ஒரு பை, குடிலின் சாவிக்கொத்து, புகையிலை டப்பா. சாப்பாட்டு மேஜையில் டப்பாவை வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை.

"செலின், இதத் திறந்து பாரு" என்றார்.

திறந்தேன்.

"என்ன இருக்கு?"

"தேயிலை, மாமா."

"ஆமா. தேயில." அம்மா காபி வைத்தாள், அது ஆறிப்போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கிழக்குப் பக்கம் ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டதாம். ஆரஞ்சு எல்லாம் வெளுத்து, விரல் வைத்தால் மாவாக உதிர்கிறதாம். குளத்துத் தண்ணீர் மேற்கே திரும்பிவிட்டது. என்ன குற்றம் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே இன்னொரு சிட்டிகை எடுக்க டப்பாவில் கைவிட்டிருக்கிறார். மேலே இருந்த புகையிலை தீர்ந்து, அடியிலிருந்து இது வந்திருக்கிறது. அவருக்குத்தான் மூக்கு உறைபனியில் போய்விட்டதே, வாசனை தெரியாது. நாக்கில் வைத்துப் பார்த்தாராம்.

"எப்பலேந்து டீயக் குடுத்துட்டு இருக்கேன்னே தெரியல. நான்தான் மாத்தி நிரப்பியிருக்கேன். மதலேன் போனதுக்கப்புறம் எது எதுன்னு எனக்குப் புரியறதில்ல. அங்க இருக்கறவர் எவ்வளவு நாள் பொறுப்பார்? மொகத்தத் திருப்பிக்கிட்டார்."

"அப்படியெல்லாம் இல்ல எடுவார், தண்ணி சில சமயம் பக்கம் மாறும்" என்றாள் அம்மா.

"மாறும். எனக்குத் தெரியும். வருஷக்கணக்குல மாறும். ஒரு வாரத்துல மாறாது."

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி வியாழக்கிழமை, தேசியப் பூங்கா அலுவலகத்தின் பெரியவர் வருகிறார். அன்று காலை என் அலுவலகத்தில் வைத்துச் சாவியை ஒப்படைத்துவிடுவதாக மாமா சொல்லியிருக்கிறார். இனி யாரையும் மேலே அழைத்துப்போக மாட்டாராம். தன் தகப்பனாருக்குக் கடைசியில் புத்தி தடுமாறியதைப் போலத் தனக்கும் ஆகிவிட்டது என்று நினைக்கிறார். காலையில் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. மாமா குடிப்பது உதிரித் தேயிலை. கெட்டிலில் போட்டுக் கொதிக்கவைக்கிற முழு இலை. டப்பாவில் இருந்தது தூள். மாவு மாதிரி, பைக்குள் அடைக்கிற தூள். அதில் ஒரு வெள்ளை நூல் துண்டும் இருந்தது.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது இல்லை.

செலின்


ராபிட்கெட்டில் ஏரி
26 ஜூலை 1993

அக்கா,

ஆமாம். டீ நான்தான்.

(இங்கே நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. எல்லாம் நகைச்சுவைதான், ஒன்றும் நன்றாக இல்லை.)

வந்த முதல் வாரம் செய்தது. டப்பாவிலிருந்து புகையிலையை எடுத்துக்கொண்டு, உன் தேயிலைப் பைகளைக் கிழித்து நிரப்பி, மேலே கொஞ்சம் புகையிலையைத் தூவினேன். மாமா புகைபிடிக்கிற ஆள் இல்லை, டப்பா சும்மா கிடக்கிறது, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். புகையிலையை என்ன செய்தேன் என்று கேட்பாய். ஆண்மகன் என்று நிரூபிக்கப் படகுத்துறையில் உட்கார்ந்து சுருட்டிப் பிடித்தேன். மூன்றாவது இழுப்பில் காலைச் சாப்பாடு ஏரிக்குப் போனது. பொட்டலமும் கூடவே போனது. கொசுக்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

நீயே மாமாவிடம் சொல்லிவிடேன். நீ சொன்னால் அவர் கேட்பார். நான் எழுதினால் பகடி என்று நினைப்பார்.

அவருக்குப் பதிலாக ஐரீன் என்று ஒரு காவலரை அனுப்பியிருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்தவள், கல்லைப் பற்றிப் படித்தவள். ஒரு கம்பும் நோட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாள் மேட்டைச் சுற்றினாள். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "தம்பி" என்கிறாள். நேற்று மேலேயிருந்து கத்தினாள். "தம்பி, இங்க வா! பூட்ஸக் கழட்டிட்டு வா!"

உச்சிக் குளத்தின் மேற்கு விளிம்பில் ஒரு உடைசல். உள்ளங்கை அகலம். தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. எங்கே தாழ்வோ அங்கே ஓடும், அதற்குக் கோபமும் இல்லை, யாரிடமும் முகம் திருப்பவும் இல்லை. "புது உடைசல். பக்கத்துல பாரு" என்றாள். அங்கே அரை வட்டமாக ஒரு பள்ளம். குதிகால்.

"உங்க மாமா ஆளுங்களப் பூட்ஸோட ஏற விடுவாரா?"

"இல்ல."

"அப்ப இது என்ன?"

"மான் குளம்பா இருக்கும்" என்றேன்.

"மான் பூட்ஸ் போடுதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினாள். வழிகாட்டியின் கவனக்குறைவு என்று எழுதினாளா, பார்க்க முடியவில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி காலை அந்த அறிக்கையை வயர்லெஸ்ஸில் பெரியவருக்குப் படிக்கப்போகிறாளாம்.

வாணலி ரொட்டி செய்தேன், கருகிவிட்டது. அதைப் பற்றி ஒரு நல்ல பகடி இருந்தது, மறந்துபோச்சு.

தியோ


ஃபோர்ட் சிம்ப்சன்
1 ஆகஸ்ட் 1993

தியோ,

டக் விமானத்தின் இயந்திரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். நின்றபடி எழுதுகிறேன்.

குதிகால் யாருடையது என்று நீ எழுதவில்லை. நான்கு தடவை படித்தேன். டீயை ஒத்துக்கொண்டு, பாதிப் பக்கம் உடைசலைப் பற்றி எழுதி, அந்த ஒரு விஷயத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய். ஜூலை நான்காம் தேதி நீ "மேட்டுப் பாதை வழியாக" கரடியை இழுத்துக்கொண்டு போனாய். ஐந்தாம் தேதி மாமா மேட்டில் போய் உட்கார்ந்தார்.

மாமாவிடம் நான் சொல்லமாட்டேன். கடிதத்தையும் காட்டமாட்டேன். தன் புத்தி கெட்டுவிட்டது என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கடையில், கோவிலில், தபால் நிலையத்தில். ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அதை நீ எனக்கு மட்டும் ரகசியமாகக் கடிதத்தில் திருத்த முடியாது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் "ராபிட்கெட்டில்" என்று கூப்பிடுவேன். மாமா என் பக்கத்தில் சாவியோடு நின்றிருப்பார். அவ்வளவுதான்.

மின்கலம் டக்கிடம் கொடுத்திருக்கிறேன். புதியது.

செலின்


ஃபோர்ட் சிம்ப்சன்
6 ஆகஸ்ட் 1993

தம்பி,

நீ இருந்த பக்கம் உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

பெரியவர் நாற்காலியில் இருந்தார். டக் எடை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். மாமா முகச்சவரம் செய்து, அடக்கத்துக்குப் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சாவியைக் கையில் பிடித்திருந்தார், பையில்கூட இல்லை. நான் கூப்பிட்டேன். ஐரீன் குரல் வரும் என்று எல்லாரும் இருந்தோம்.

"ராபிட்கெட்டில் பேசுறேன். இது தியோ. எல்லாரும் கேக்கணும், முகாம் எல்லாரும்."

உன் குரல் உடைந்து உடைந்து வந்தது. மின்கலம் இல்லை, அது நீதான். முதலில் நிச்சயதார்த்தம் பொய் என்றாய். அதைச் சொல்லி முடித்துவிட்டு நிறுத்திக்கொள்வாய் என்று நினைத்தேன். பிறகு டப்பா. பிறகு பூட்ஸ்.

"கரடி தொரத்திச்சு. நான் மேட்டு மேல ஏறிட்டேன். பூட்ஸோட. ஓரம் ஒடஞ்சுது. மாமா ஒண்ணும் பண்ணல. மாமாவுக்குப் புத்தி நல்லா இருக்கு. எனக்குத்தான் இல்ல."

நான் பொத்தானை அழுத்தி ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

மாமா கேட்டார், "பூட்ஸோடவா ஏறினான்?"

"ஆமா மாமா."

"டப்பால எப்ப டீய வச்சானாம்?"

"அங்க போய் எறங்கின மொத வாரம். ஜூன்ல."

சுவரைப் பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். "அப்ப அதுக்கு முன்னாடி ஒம்பது வருஷமும் நான் குடுத்தது புகையிலதான்" என்றார். மறுபடியும் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். பெரியவர் கையை நீட்டினார், சாவி வாங்கவா, கை குலுக்கவா தெரியவில்லை. மாமா சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உன்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசை. அவர் சொன்னது: "அவன்கிட்டப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல." கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பொட்டலம். ஒன்று எதற்கு என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் வருகிற விமானத்திலேயே அவரும் வருகிறார்.

டக் இன்று சிரிக்கவில்லை. நான் எடை எழுதும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, நீ எதையாவது கற்பனை செய்யாதே.

செலின்


ராபிட்கெட்டில் ஏரி
11 ஆகஸ்ட் 1993

அக்கா,

மாமா வந்தார். விமானத்திலிருந்து இறங்கி என்னைத் தாண்டிப் போனார். இரண்டு நாள் நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார். ஒரு வார்த்தை இல்லை. அவர் வழக்கமாகப் பேசாமல் இருப்பது வேறு, இது வேறு. முன்பு நான் அந்த அமைதிக்குள் உட்கார்ந்து விசில் அடிப்பேன். இதில் மூச்சு விடவே இடம் கேட்க வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் காலை பூட்ஸைக் குடிலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலில் புறப்பட்டார். ஏரியிலிருந்தே. நானும் கழற்றிவிட்டுப் பின்னால் போனேன். அந்தப் பாதையில் ஸ்ப்ரூஸ் ஊசியிலை, கூழாங்கல், எறும்பு, எல்லாம் உண்டு. ஓவென்று கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். உன் தம்பி வாழ்க்கையில் முதல் தடவையாக.

ஐரீன் மேட்டடியில் நின்றாள். உடைசலை அடைக்க முடியுமா என்று முன்பே அவளிடம் கேட்டிருந்தேன். சிமென்ட், களிமண், எது வேண்டுமானாலும் நான் சுமக்கிறேன் என்றேன். "தொடக் கூடாது. தண்ணியே கட்டிக்கும்" என்றாள். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். "நீ பாக்க இருக்கமாட்ட" என்றாள். அதற்குள் கிழக்குப் பக்கத்தைப் பனி இறுக்கி இறுக்கி உதிர்த்துவிடும். கீழே மாவு மாதிரி ஒரு குவியல் இப்போதே இருக்கிறது. ஒரு விளிம்பை எடுத்துப் பார்த்தேன், கையில் பொடியாகிவிட்டது. உள்ளே ஒரு இலையின் அச்சு, நரம்போடு, கல்லாக. அதுவும் பொடியாகிவிட்டது.

எனக்கு இனி மேலே ஏற அனுமதி இல்லை. ஐரீன் எழுதினாள், மாமாவும் கையெழுத்துப் போட்டார். இந்தக் கோடை மட்டும் இல்லை, எப்போதும்.

மாமா ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார். காய்ந்த பக்கத்தின் அடியில் நின்றேன். அங்கே தண்ணீரே இல்லை, யாரிடம் பேசுவது? கல்லின் மேல் ஒரு சிட்டிகை வைத்தேன். "நான் தியோஃபில். எடுவார் அக்கா மகன். நான்தான் ஒடச்சேன்" என்றேன். அப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல், "டீக்கு மன்னிக்கணும்" என்றேன். பின்னால் ஒரு சத்தம் வந்தது. மாமா இருமினாரா, வேறு என்னவோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு அவர் மேலே ஏறிப்போனார், குளத்துக்கு. வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் கீழேயே நின்றேன், எறும்புகளோடு.

இன்று காலை நான் எழுந்து வந்தபோது மேஜையில் என் டீக் குவளைக்குப் பக்கத்தில் மரக்கால்கள் இரண்டும் கிடந்தன. ஐந்து விரல், ஒன்றில் உடைந்த நகம். வில்லோப் புதரில் அவருக்குக் கிடைத்திருக்கின்றன.

"இது யாரோட காலு?" என்று கேட்டார். ஆறு நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"என்னோடது மாமா."

திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுல கட்டைவிரல் தப்பான பக்கத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

உண்மை, அக்கா. இரண்டு காலையும் இடதுகாலாகச் செதுக்கியிருக்கிறேன். அதனால்தான் உனக்கு இதையும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். ஜெர்மானியர்கள் ஓடவில்லை. தட்டும் விழவில்லை. ஒருவர் அளவு நாடா எடுத்தார். இன்னொருவர் தன் காலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். ரெண்டும் இடதுகால் என்று விரலால் காட்டிச் சிரித்தார்கள். குறித்த நேரத்துக்குப் படகு ஏறினார்கள், எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டு.

ஞாயிற்றுக்கிழமை நான் மரக்காலை எடுக்கப் போனேன். சனிக்கிழமை சாயங்காலம் மழை பெய்திருந்தது. மணலில் சுவடுகள் இருந்தன, நான் வைத்ததைவிட இரண்டு மடங்கு பெரியவை. விளிம்பெல்லாம் கரைந்து, உள்ளே தண்ணீர் நின்று, கரையிலிருந்து நான் நின்ற புதரை நோக்கி வந்தன. நான் ஆற்றுப்பக்கம்தானே நடந்தேன் என்று நினைத்தேன். மரக்காலை ஒளிக்க, அதைக் கட்டியபடியே புதருக்குத் திரும்பி வந்தது அந்த நிமிடம் நினைவுக்கு வரவில்லை. அப்போது காற்றில் புதர் அசைந்தது.

மாமா மேலே இருப்பார் என்று நினைத்து ஓடினேன். மேட்டடியைப் பார்த்தேன், என் காலிலிருந்த பூட்ஸையும் பார்த்தேன், நிற்கவில்லை. மூன்று எட்டு வைத்தேன். மூன்றாவது எட்டில் முட்டை ஓடு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மாமா அங்கே இல்லை. குளத்தில் என் முகம் மட்டும் தெரிந்தது, வாயைத் திறந்தபடி.

கரடி என்று ஒன்று இல்லவே இல்லை, அக்கா. நான் பயந்து ஓடியது என் காலடியைப் பார்த்துத்தான்.

இதை மட்டும் வயர்லெஸ்ஸில் சொல்லச் சொல்லாதே.

தியோ